மாப்பிள்ளைக்கு வீடு

காணிப் பதிவகத்தில் மூன்றாவது மேசை என்னுடையது.
ஐந்து மணிக்குப் பிறகு, கார்த்திகை முழுக்க,
நான் நியூயோர்க்கில் கலியாணத் தரகி.
ஊதா வெல்வெட் சட்டை;
தீக்கோழி இறகு என்று நம்பச் சொல்லிச்
சேவல் இறகு குத்திய தொப்பி.
மண்டபத்துத் தகரக் கூரையில் மழை
எங்களைவிட ஒழுங்காகத் தாளம் போட்டது.

அல்போன்ஸா மிஸ் பதினான்கு பாட்டையும் தானே தமிழாக்கினா.
ஷாம்பெயின் வரும் இடத்தில் நெல்லி ரசம் என்று எழுதி, வெட்டி,
மறுகா ஷாம்பெயின் என்றே விட்டா.
பிராட்வே எண்டால் அகலமான றோட்டுத்தானே என்று கேட்ட
தச்சர் குணாநிதி
அந்த அகலத்திலேயே பதினொரு படி செய்து தந்தார்.
ஏழாவது கீச்சிடும்.
இறகு ஆட இறங்கும்போது ஏழில் ஒரு துள்ளல் வைத்தேன்,
நடனம் என்றார்கள்.
படிக்கு அடியில், வரி மறந்தால் எடுத்துக் கொடுக்க,
டோர்ச்சோடு குந்தியிருந்தான் நிருஷன்.
அந்திராதோ அங்கிளின் வயலினில்
எந்த வால்ட்ஸும் எட்டாம் அடியில் கப்பிரிஞ்ஞா ஆகிவிடும்.
ஐம்பது வருசம் கலியாண வீடுகளில் வாசித்த கை.
சும்மா நிற்குமா?

விளக்கு வியாபாரி, பெரும் பணக்காரன், மனைவியை இழந்தவன்:
மேடையில் அப்படி.
மற்றபடி நேசதுரை, நீர்வழங்கல் சபை.
ஒட்டு மீசை வேர்வையில் கழன்றால்
மீற்றர் பார்க்கிற மாதிரிக் குனிந்து
ஒட்டிக்கொண்டு நிமிர்வார்.

முதல் இரவு. இரண்டாம் அங்கம்.
முழங்காலில் நின்று அவர் சொன்னார்:
'என் வீட்டுக்கு வா. உனக்காக ஒரு வீடு வைத்திருக்கிறேன்.'
மிஸ் அந்த இடத்தில் வயலினுக்கு அழுகை எழுதியிருந்தா.
சனம் சிரித்தது.
பின்வரிசையில் தொடங்கி, வாங்குகள் குலுங்க,
முன்னால் இருந்த பாதர் வரைக்கும்.
'மாப்பிள்ளைக்கு வீடாம் கா!' என்று ஒருத்தி
பக்கத்திலிருந்தவளின் தொடையில் அடித்தது
படிக்கட்டு வரை கேட்டது.
எங்கள் ஊரில் வீடு பெண்ணோடு இருக்கும்;
ஆண் சூட்கேசோடு வருவான்.
மிஸ்ஸுக்குத் தெரியாததா? சந்தத்தைப் பிடிக்கப்போய்
சங்கதியை விட்டுட்டா.

எனக்குத் தெரியும்.
பதினேழு வருசம் சீதன உறுதிகளுக்கு இலக்கமிட்டவள்.
வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாரின் வளவு,
தென்னை ஆறு, கிணற்றில் பாதி உரிமை.
எங்கள் வீட்டின் உறுதியும் என் மேசையால்தான் போனது,
தங்கச்சி பெயருக்கு.
முத்திரை நேராகவே விழுந்தது.

மூன்றாம் இரவு, ஒப்பனை அறை வாசலில்
சாதகக் கொப்பிகளோடு மூன்று தாய்மார்.
'இது நாடகம் அம்மா,' ஒற்றை இமை கழன்றபடி சொன்னேன்.
'தெரியும் புள்ள. ஆனா உங்களப்போல
ஒரு புரோக்கரும் வாய் திறந்து பேசினதில்ல.'
ஒருத்தியின் மகன் கட்டாரில் கிரேன் ஓட்டுகிறானாம். பூரட்டாதி.
தொப்பியைக் கழற்றாமலே எழுதிக்கொண்டேன்.

கடைசி இரவு, மழை விட்ட பிறகு,
கல்லடிப் பாலத்து நடுவில்
நேசதுரையின் ஸ்கூட்டர் நின்றுபோனது. பெற்றோல் இல்லை.
மீசை இன்னும் இருந்தது.
வாவியைப் பார்த்தபடி, இலக்கம் வாசிக்கிற குரலில்:
'புளியந்தீவில எனக்கு ஒரு வீடு இருக்கு.
மாமி எழுதி வச்சது. கூரை ரெண்டு இடத்தில ஒழுகும்.'

சனம் சிரித்த அதே இடத்தில் நானும் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு என்ன வரி என்று
இருட்டில் குந்தியிருந்து எடுத்துக் கொடுக்க
அங்கே யாருமில்லை.
தொப்பியைக் கழற்றினேன்.
எந்தக் கரைக்கு என்று கேட்காமல்
இரண்டு பேருமாக ஸ்கூட்டரைத் தள்ளத் தொடங்கினோம்.